நெருப்புக் காய்ச்சலும் ஒரு சமையற்காரியின் சிலுவையும்

நியூயோர்க் மாநகரின் புறொங்ஸ் பகுதியில் செயின்ற் றேமன்ட் என்னும் கத்தோலிக்க சேமக்காலை உண்டு. அங்குள்ள கல்லறைக் கற்களுள் ஒன்றில் மேரி மலன் என்ற பெயரும், அவர் இறந்த 1938 நவம்பர் 11 என்ற திகதியும், இயேசுவின் இரக்கத்தை வேண்டும் இரண்டு சொற்களும் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கின்றன. உலகம் அவரை எந்தப் பெயரால் அறிந்ததோ அந்தப் பெயர் அக்கல்லில் இல்லை. பத்திரிகைகளும் மருத்துவ நூல்களும் அவரை ரைபொயிட் மேரி என்றே அழைத்தன. இன்றும் அப்படியே அழைக்கின்றன.

ரைபொயிட் என்பது வேறொன்றுமல்ல, எங்கள் வீடுகளில் நெருப்புக் காய்ச்சல் என்று சொல்லப்படும் நோய்தான். அந்தக் காய்ச்சலைத் தன் உடலில் சுமந்தும் ஒருநாளும் அதனால் வருந்தியதாக அறியாத ஒரு பெண்ணின் வாழ்க்கை இது. நோயைத் தேடிச் சென்ற விஞ்ஞானம் அவரிடத்தில் பெரும் வெற்றி கண்டது. ஆனால் அந்த வெற்றியின் விலையை அவர் ஒருவரே செலுத்தினார். அவர் செய்த தவறும் உண்டு, அவருக்குச் செய்யப்பட்ட தவறும் உண்டு. இரண்டையும் பக்கம் சாராமல் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூக்ஸ்ரவுணிலிருந்து நியூயோர்க் வரை

மேரி மலன் 1869 செப்டெம்பர் 23ஆம் திகதி அயர்லாந்தின் தைரோன் மாவட்டத்திலுள்ள கூக்ஸ்ரவுண் என்னும் ஊரில் பிறந்தார். பஞ்சமும் வறுமையும் ஆயிரமாயிரம் ஐரிஷ் மக்களைக் கப்பலேற்றிய காலம் அது. மேரியும் பதின்ம வயதில், 1883ஆம் ஆண்டளவில், அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். சொத்தோ உயர்கல்வியோ இல்லாத ஐரிஷ் கத்தோலிக்கப் பெண்ணுக்கு அந்நாட்டில் திறந்திருந்த வாசல் பெரும்பாலும் பணக்காரர் வீட்டுப் பின்வாசல்தான். வீட்டு வேலையில் சேர்ந்த மேரியின் கைப்பக்குவம் விரைவில் தெரியவந்தது. வேலைக்காரருள் சமையற்காரிக்குத்தான் மதிப்பும் சம்பளமும் கூட. அந்த நிலைக்கு அவர் தம் உழைப்பால் உயர்ந்தார்.

1902ஆம் ஆண்டு மேயின் மாநிலத்தில் கோடை கழிக்கச் சென்ற ஒரு குடும்பத்தில் அவர் சமைத்துக் கொண்டிருந்தார். அந்த வீட்டிலே நெருப்புக் காய்ச்சல் பரவி, ஏறக்குறைய எல்லோரும் படுக்கையில் வீழ்ந்தனர். மேரி ஓடிவிடவில்லை. எஜமானுடன் நின்று நோயாளரைப் பராமரித்தார். அதற்கு நன்றியாக அவருக்குச் சம்பளத்துக்கு மேலதிகமாக 50 டொலர் கொடுக்கப்பட்டது. தாம் கொண்டுவந்த நோய்க்கே தாம் பணிவிடை செய்கிறோம் என்பதை அவரும் அறியார், அவருக்கு நன்றி சொன்னவரும் அறியார்.

மட்டியா, கிணறா, மனிதரா?

1906ஆம் ஆண்டுக் கோடையில் நியூயோர்க் வங்கியாளர் சார்ள்ஸ் ஹென்றி வாரன், லோங் ஐலன்ட் தீவின் ஒயிஸ்டர் பே என்னும் ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். ஜனாதிபதி தியோடோர் றூஸ்வெல்டின் கோடை இல்லமும் இருந்த செல்வந்தர் ஊர் அது. ஓகஸ்ட் 27ஆம் திகதி தொடங்கி ஒரு வாரத்துக்குள் வீட்டிலிருந்த 11 பேரில் 6 பேருக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது.

நெருப்புக் காய்ச்சல் சேரிகளில் வாழும் ஏழைகளின் நோய் என்று எண்ணப்பட்ட காலம் அது. காரணம் தெரியாவிட்டால் அந்த வீட்டை இனி ஒருவரும் வாடகைக்கு எடுக்கமாட்டார் என்று வீட்டுச் சொந்தக்காரர் அஞ்சினார். அவர் ஜோர்ஜ் சோப்பர் என்னும் சுகாதாரப் பொறியியலாளரை அமர்த்தினார். சோப்பர் டொக்டர் அல்லர். நோய் ஓர் ஊருக்குள் எந்த வழியாக வந்தது என்று தடம்பிடித்துச் செல்வதில் தேர்ந்தவர்.

மலசலகூடத்திலிருந்து கிணற்றுக்குக் கசிவு உண்டா என்று அறியச் சாயம் கரைத்துப் பார்த்தார்கள். கிணற்றில் சாயம் தெரியவில்லை. பாலில் குற்றம் காணப்படவில்லை. கடற்கரையில் வாங்கித் தின்ற மட்டியில் சந்தேகம் எழுந்தது. ஆனால் மட்டி தின்ற மற்ற வீட்டார் சுகமாகவே இருந்தனர். வீட்டில் அண்மையில் நடந்த மாற்றம் என்ன என்று சோப்பர் விசாரித்தார். ஓகஸ்ட் 4ஆம் திகதி புதிய சமையற்காரி ஒருவர் சேர்ந்திருந்தார். நோய் வெளிப்பட்டு மூன்று வாரமளவில் அவர் வேலையை விட்டுச் சென்றுவிட்டார்.

நெருப்புக் காய்ச்சற் கிருமி உடலில் புகுந்து நோயாக வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரம் எடுக்கும். நாட்கணக்குப் பொருந்தியது. ஆனால் சூடாக்கிச் சமைத்த உணவில் கிருமி செத்துவிடுமே? அதற்கும் விடை கிடைத்தது. அந்தச் சமையற்காரி பச்சையாக வெட்டிய பீச் பழம் சேர்த்து ஐஸ்கிறீம் செய்வதில் கெட்டிக்காரி. கழுவாத கையிலிருந்து குளிர்ந்த உணவுக்குச் செல்லும் கிருமியைக் கொல்ல அங்கே அடுப்பு இல்லை.

வேலை தேடிக் கொடுக்கும் முகவர் நிலையங்களின் பதிவுகளைச் சோப்பர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். மேரி வேலைசெய்த எட்டுக் குடும்பங்களில் ஏழில் நெருப்புக் காய்ச்சல் வந்திருந்தது. மொத்தம் 22 பேர் நோயுற்றிருந்தனர். ஒரு சிறுமி இறந்தாள்.

நோயில் விழாமலே ஒருவர் நோயைப் பரப்பலாம் என்பதை ஜெர்மனியில் றொபேட் கொக் என்ற விஞ்ஞானி சில ஆண்டுகளுக்கு முன்தான் எடுத்துக்காட்டியிருந்தார். கிருமி பித்தப்பையில் ஒதுங்கி உயிர்வாழும். மலத்துடன் வெளியேறும். உடலோ சுகமாக இருக்கும். அமெரிக்காவில் இவ்வாறு தடம்பிடிக்கப்பட்ட முதலாமவர் மேரி மலன்.

குசினியில் ஒரு சந்திப்பு

1907 மார்ச் மாதம் பார்க் அவெனியூவிலுள்ள ஒரு வீட்டுக் குசினியில் சோப்பர் மேரியைக் கண்டுபிடித்தார். அங்கும் நோய் வந்திருந்தது. எவ்வித முன்னறிவிப்புமின்றி முன்னே போய் நின்று, நீ நோய் பரப்புகிறாய், உன் மலசலத்தையும் இரத்தத்தையும் சோதிக்கத் தரவேண்டும் என்று அந்நிய ஆடவர் ஒருவர் கேட்டால், சுகதேகியான ஒரு பெண்ணின் உள்ளம் எப்படியிருக்கும்? மேரி இறைச்சி குத்தும் பெரிய முட்கரண்டியைக் கையில் எடுத்தார். சோப்பர் வீதிவரை ஓடினார்.

அடுத்து நகரச் சுகாதாரப் பகுதி டொக்டர் ஜோசபின் பேக்கர் என்ற பெண்மணியை அனுப்பியது. பேக்கரின் தந்தையையே நெருப்புக் காய்ச்சல் பலிகொண்டிருந்தது. பின்னாளில் ஏழைச் சிசுக்களைக் காப்பாற்றும் பணியில் பெரும் புகழ் பெற்றவர் அவர். மேரி அவருக்கும் கதவைச் சாத்தினார். மறுநாள் பேக்கர் பொலிசாருடனும் அம்புலன்ஸ் வண்டியுடனும் வந்தார். மேரி மறைந்துவிட்டார். உடன் வேலைசெய்தவர்கள் ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. மணிக்கணக்காகத் தேடியபின், வெளிப்படிக்கட்டின் கீழிருந்த ஒரு சிறு அறைக் கதவிடுக்கில் சீத்தைத் துணியின் நுனியொன்று தெரிந்தது. கதவின் முன்னே சாம்பல் வாளிகள் அடுக்கப்பட்டிருந்தன. மேரியைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும்வரை அவர் எழுந்துவிடாதபடி பேக்கர் அவர்மேல் அமர்ந்திருக்க நேர்ந்தது.

வில்லார்ட் பார்க்கர் வைத்தியசாலையில் நடந்த சோதனை சோப்பரின் கணிப்பை உறுதிப்படுத்தியது. மேரியின் உடலில் நெருப்புக் காய்ச்சற் கிருமிகள் நிறைந்திருந்தன.

தீவுக் குடிசை

நியூயோர்க் நகரத்தாரின் அச்சத்தையும் நாம் நியாயமாகப் பார்க்கவேண்டும். நாற்பது இலட்சம் மக்கள் நெருங்கி வாழ்ந்த நகரம் அது. 1892இல் கொலரா நோய் கப்பலில் வந்து இறங்கும் என்று அஞ்சியபோது, நோய்க் கிருமிகளை ஆராய நகரசபையே ஓர் ஆய்வுகூடம் அமைத்தது. சயரோகம் கண்டவர்களைப் பற்றி டொக்டர்மார் கட்டாயம் அறிவிக்கவேண்டும் என்று 1897இல் விதிக்கப்பட்டது. இவற்றால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. நெருப்புக் காய்ச்சலைக் குணப்படுத்த அன்று மருந்தே இல்லை. குளோரம்பெனிக்கோல் என்னும் மருந்து 1948இல்தான் கைக்கு வந்தது.

ஆனால் மேரிக்குச் செய்தது என்ன? கிழக்கு ஆற்றின் நடுவிலுள்ள நோர்த் பிறதர் தீவில் தொற்றுநோயாளருக்கான றிவர்சைட் வைத்தியசாலை இருந்தது. அங்கே ஆற்றங்கரையோரக் குடிசையொன்றில் அவரை வைத்தனர். சயரோகக்காரர் நிறைந்த தீவில் நோயில்லாத ஒரு பெண் தனித்திருந்தார். குற்றம் செய்யவில்லை, வழக்கு நடக்கவில்லை, விடுதலை நாளும் குறிக்கப்படவில்லை. வாரத்துக்கு வாரம் மலசலச் சோதனை நடந்தது. பலன் உறுதியில்லாத மருந்துகள் கொடுக்கப்பட்டன. பித்தப்பையை வெட்டி எடுக்கலாம் என்றனர். அன்றைய நிலையில் அது உயிராபத்தான சத்திரசிகிச்சை. மேரி மறுத்தார். கண்ணிமை செயலிழந்து மாதக்கணக்காக வருந்தியபோதும் ஒருவரும் கவனிக்கவில்லை என்று அவர் எழுதினார்.

சோப்பரும் ஒருமுறை வந்தார். விபரங்களைச் சொன்னால் ஒரு நூல் எழுதி அதன் வருமானத்தை மேரிக்கே கொடுப்பதாகக் கூறினார். மேரி ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து உள்ளே சென்று கதவை மூடிக்கொண்டார். வைத்தியர்களுக்கு அவர் ஓர் அரிய மாதிரியாக இருந்தார். அவருடைய பயத்தை ஆற்றவும், கிருமி எப்படி ஒளிந்திருக்கிறது என்று பொறுமையோடு விளக்கவும், அவர் நம்பக்கூடிய ஒருவர் அந்நாட்களில் அவருக்கு வாய்க்கவில்லை.

நீதிமன்ற வாசலில்

1909இல் மேரி ஒரு சட்டத்தரணியின் உதவியோடு ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு பத்திரிகை அவருடைய உண்மைப் பெயரை வெளியிட்டது. முட்டையை உடைத்து ஊற்றுவதுபோல் மண்டையோடுகளைத் தாச்சியில் போடும் சமையற்காரியாக அவரைப் படமும் வரைந்தது. நோய்த் தடுப்புக்கு அந்தப் படம் எவ்விதத்திலும் உதவவில்லை. ஓர் ஏழையின் பெயரை என்றென்றைக்குமாகக் கெடுக்க மட்டுமே உதவியது.

நீதிமன்றத்தில் இரு தரப்பும் சோதனை முடிவுகளைக் காட்டின. நகர ஆய்வுகூடம் 163 மாதிரிகளைச் சோதித்து 120இல் கிருமி கண்டிருந்தது. மேரி தனியார் ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பிய மாதிரிகளில் கிருமி இல்லை என்று வந்தது. இரண்டும் பொய்யல்ல. இத்தகையவரின் உடலிலிருந்து கிருமி சில நாட்களில் வெளியேறும், சில நாட்களில் வெளியேறாது. ஆனால் தம் உடம்பில் நோவு எதுவும் காணாத ஒருவர், இல்லை என்ற முடிவைத்தானே நம்புவார்? மேரியின் நிலைக்கு இரங்கியபோதும், நகர மக்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி நீதிபதி அவரைத் தீவுக்கே திருப்பி அனுப்பினார்.

1910 பெப்ரவரியில் புதிய சுகாதார ஆணையாளர் ஏர்ணஸ்ட் லெடர்லி அவரை விடுவித்தார். இனி மற்றவருக்குச் சமைப்பதில்லை, குறித்த காலத்தில் வந்து தம்மைக் காட்டுவது என்று மேரி வாக்குக் கொடுத்தார். ஏறக்குறைய மூன்றாண்டுகள் கழிந்தபின் அவர் கரையேறினார்.

வாக்குத் தவறியபோது

அவருக்கு உடுப்புத் தோய்க்கும் வேலை கிடைத்தது. அது சமையலைவிடக் கடினம், சம்பளமோ குறைவு. நாற்பது வயதைத் தாண்டிய தனிப்பெண் அதில் வாழ்வது இலகுவல்ல. 1911இல் நகரத்திடம் 50,000 டொலர் நட்டஈடு கோரினார். எதுவும் கிடைக்கவில்லை. சிறிது காலத்தில் சுகாதாரப் பகுதியின் கண்ணில் படாமல் மறைந்தார்.

1915இன் தொடக்கத்தில் நியூயோர்க்கின் ஸ்லோன் மகப்பேற்று வைத்தியசாலையில் 25 பேருக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. அவர்களுட் பெரும்பாலோர் டொக்டர்மாரும் தாதிமாரும் பணியாளருமே. இருவர் இறந்தனர். வைத்தியசாலைச் சமையற்காரியின் பெயர் மிசிஸ் பிறவுண் என்றிருந்தது. அவருடைய கையெழுத்தைப் பார்த்த சோப்பர் அது மேரி மலனுடையது என்று கண்டுகொண்டார்.

இங்கே நாம் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. 1907இல் மேரி குற்றமற்றவர். தெரியாமல் நடந்ததற்கு ஒருவரும் அவர்மேல் பழிசுமத்த முடியாது. 1915இல் அப்படிச் சொல்ல இயலாது. பொய்ப் பெயரில், கொடுத்த வாக்கை மீறி, குழந்தை பெற்ற தாய்மார் தங்கியிருந்த இடத்திலேயே சமைத்தார். கிருமி தம்மிடம் உண்டு என்பதை அவர் உள்ளபடி நம்பாதிருந்திருக்கலாம். ஆனாலும் மற்றவரின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில், என் மனதுக்கு அப்படித் தோன்றவில்லை என்பது போதிய நியாயமாகாது. அதேவேளை, வேறொரு தொழிலைப் பயிற்றுவிக்காமல், பிழைக்க வழி காட்டாமல், ஒரு வாக்கை மட்டும் வாங்கிக்கொண்டு தெருவில் விட்டவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

1915 மார்ச் 27ஆம் திகதி அவர் மீண்டும் பிடிக்கப்பட்டார்.

இருபத்துமூன்று ஆண்டுகள்

அதன்பின் நோர்த் பிறதர் தீவே அவருடைய வீடு. அங்கே அவர் 23 ஆண்டுகளைக் கழித்தார். காலப்போக்கில் கோபம் தணிந்தது. அவரிடம் நம்பிக்கை வைத்து வைத்தியசாலையில் வேலை கொடுத்தார்கள். பின்னர் ஆய்வுகூடத்திலும் உதவியாளராகப் பணிசெய்தார். பகலில் நகரத்துக்குப் போய்ச் சிநேகிதரைக் கண்டு மாலையில் திரும்பிவர அனுமதித்தனர். ஒவ்வொரு முறையும் அவர் திரும்பி வந்தார். ஒரு தாதி அவருக்கு உற்ற தோழியானார். கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் தீவுக்கு வந்து அவரைச் சந்தித்தார். இவையெல்லாம் 1907இலேயே நடந்திருந்தால் அவருடைய கதை வேறுவிதமாகப் போயிருக்குமோ என்ற எண்ணம் வாசிப்பவர் உள்ளத்தில் எழாமல் இராது.

வேறொரு செய்தியும் மனதை உறுத்துவது. நோயில்லாமல் கிருமி சுமந்தவர்கள் நானூறுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள், மேரி இறந்த காலத்தில் நியூயோர்க் சுகாதாரப் பகுதியின் பதிவேட்டில் இருந்தன. அவர்களுள் எவரும் பலவந்தமாக அடைத்துவைக்கப்பட்டிருக்கவில்லை. 1924இல் ஒரு பேக்கரி உரிமையாளர், தடையை மீறித் தம் கடையில் உணவு தயாரித்தபோது பிடிபட்டார். இனி வியாபாரத்தைத் தொலைபேசி மூலம் நடத்துவதாக அவர் சொன்னதும் நீதிபதி அவரை வீட்டுக்கு அனுப்பினார். அவருக்குக் கடையும் தொழிலும் இருந்தன. மேரியோ குடும்பமற்ற ஐரிஷ் வேலைக்காரி.

1932 டிசெம்பரில் மேரி பாரிசவாதத்தால் வீழ்ந்தார். ஆறு ஆண்டுகள் றிவர்சைட் வைத்தியசாலைப் படுக்கையிலே கிடந்து, தமது 69ஆவது வயதில் கண்மூடினார். புறொங்ஸ் பகுதியிலுள்ள புனித லூக்கா ஆலயத்தில் இரங்கற் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. ஒன்பது பேர் வந்திருந்தனர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் கத்தோலிக்கத் தர்ம ஸ்தாபனத்துக்கும், தம்மைச் சந்தித்த குருவானவருக்கும், தம்முடன் ஆய்வுகூடத்தில் பணிசெய்த பெண் டொக்டருக்கும் ஒவ்வொரு தொகையை எழுதிவைத்திருந்தார். மிகுதி அந்தத் தாதித் தோழிக்குச் சென்றது. உலகம் கொலைகாரியாகச் சித்திரித்த பெண் தமது மரண சாசனத்தில் நன்றிக் கடனைத் தீர்த்துவிட்டே போனார்.

நமக்கு

மேரியால் நோயுற்றவர்களாக உறுதிசெய்யப்பட்டோர் ஐம்பது பேரளவில். அவர்களுள் மூவர் இறந்தனர். அந்த மூவரின் வீட்டாருடைய கண்ணீரை மறந்து மேரிக்கு மட்டும் இரங்குவது நீதியாகாது. நோயைத் தடம்பிடித்துத் தடுப்பது பிறரன்பின் ஒரு வடிவம்தான். சோறு சமைப்பவரும் பரிமாறுபவரும் மலசலகூடம் சென்று வந்தபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவதும் அதே பிறரன்பின் எளிய வடிவமே. இன்று கிருமி சுமப்போரைப் பெரும்பாலும் மருந்தினாலேயே குணப்படுத்தலாம். ஒருவரையும் தீவுக்கு அனுப்பவேண்டியதில்லை.

ஆனால் கிருமியைத் தேடும்போது மனிதரைத் தொலைத்துவிடும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2020இல் கொரோனா பரவியபோது, எந்த வீட்டுக்கு யாரால் நோய் வந்தது என்று விரல் நீட்டிய பேச்சுக்களை எத்தனை ஊர்களில் கேட்டோம்! சயரோகமோ குட்டநோயோ கண்ட வீட்டுக்கு இன்றும் சிலர் பெயர் வைக்கிறார்கள். பழைய சட்டம் குட்டநோயாளியைப் பாளயத்துக்கு வெளியே இருக்கச் சொன்னது. நம் ஆண்டவர் அவனைக் குணமாக்க ஒரு சொல்லே போதுமாயிருந்தும், கையை நீட்டி அவனைத் தொட்டார். பின்பு சட்டப்படி குருவிடம் போய்த் தன்னைக் காட்டும்படியும் சொன்னார். ஊரின் பாதுகாப்பையும் அவர் விட்டுவிடவில்லை, அந்த மனிதனையும் விட்டுவிடவில்லை.

செயின்ற் றேமன்ட் சேமக்காலையிலுள்ள கல்லில் பட்டப்பெயர் இல்லை. ஞானஸ்நானத்தில் பெற்ற பெயரும், ஆண்டவரின் இரக்கத்துக்கான மன்றாட்டும் மட்டுமே உள்ளன. நெருப்புக் காய்ச்சலைப் பற்றிப் பேசும்போது அவரை அந்தப் பெயராலேயே நினைப்போம். நம் அயலில் நோயுற்றிருப்பவரையும் அவரவர் பெயர் சொல்லியே அழைப்போம்.